தொலைதூர டவர்களை ஒரே கடிகாரத்தில் நிறுத்துவது எப்படி? செல்பேசி நெட்வொர்க் ஒத்திசைவுக்கு முழுமையான வழிகாட்டி

டவர் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஆன்டெனா சாய்வு, பவர் பிளான்ட், ஃபைபர் இணைப்பு எல்லாவற்றையும் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள். அலாரம் பட்டியலில் ‘சிங்க்’ என்று ஒரு வரி வந்தால்தான் விழிக்கிறார்கள். டவர் நிற்கிறது, சிக்னல் வருகிறது, அழைப்பும் போகிறது. பிறகு என்னதான் பிரச்சினை?

அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ் 5ஜி நெட்வொர்க்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 2300 மெகாஹெர்ட்ஸ் டிடிடி 4ஜிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல கடிகாரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அது காட்டும் நேரத்தை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ரேடியோவுக்குத் திரியாமல் கொண்டுசேர்ப்பதுதான் வேலை. அதிலும் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் உள்ள வித்தியாசம் எந்த அலாரத்திலும் தெரியாத எதிரி.

படி 1: எந்த ஒத்திசைவு வேண்டும்?

இரண்டு கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடினால் அது அதிர்வெண் ஒத்திசைவு. இரண்டிலும் நொடி முள் ஒரே கணத்தில் துள்ளினால் கட்ட ஒத்திசைவு. துள்ளிய அந்த நொடி எந்த நாளின் எத்தனையாவது நொடி என்பதிலும் இரண்டும் ஒத்துப்போனால் நேர ஒத்திசைவு. அலாரம் இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியாமல் கருவியில் கை வைக்காதீர்கள்.

2ஜி ஜிஎஸ்எம், 3ஜி, பேசவும் கேட்கவும் தனித்தனி அதிர்வெண் வைத்திருக்கும் எஃப்டிடி 4ஜி ஆகியவற்றுக்கு முதலாவது போதும். பெரிய டவரின் ரேடியோ அலை, குறித்த அதிர்வெண்ணிலிருந்து நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. 1800 மெகாஹெர்ட்ஸில் இது 90 ஹெர்ட்ஸ். போனுக்குள் இருக்கும் கிரிஸ்டல் மலிவானது. அது டவரைக் கேட்டுத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பேருந்தில் போகும்போது அடுத்த டவருக்கு மாறும் இடத்தில், புதிய டவர் எதிர்பார்த்த அதிர்வெண்ணில் இல்லாவிட்டால் அழைப்பு அறுந்துவிடும்.

அந்தக் காலத்தில் இதற்கென யாரும் தனியாக மெனக்கெட்டதில்லை. டவருக்கு வந்த நொடிக்கு 2.048 மெகாபிட் ஈ1 லைனே கடிகாரத்தையும் சுமந்து வந்தது. ஈ1 போய் ஈத்தர்நெட் வந்தபோது டேட்டா பெருகியது, கடிகாரம் காணாமல் போனது. ஈத்தர்நெட்டில் ஒவ்வொரு முனையும் தன் சொந்த வேகத்தில் ஓடலாம். பின்னால் வரப்போகும் சிங்க்‑ஈ, பிடிபி இரண்டும் அந்த இழப்பை ஈடுகட்ட வந்தவை. சிடிஎம்ஏ டவர்களின் கதை வேறு. அவற்றுக்குக் கட்ட ஒத்திசைவும் தேவைப்பட்டதால், தொடக்கத்திலிருந்தே தலையில் ஜிபிஎஸ் ஆன்டெனாவோடுதான் நின்றன.

டிடிடி நெட்வொர்க்கில் பேசுவதும் கேட்பதும் ஒரே அதிர்வெண்ணில், முறைவைத்து நடக்கின்றன. எல்லா டவர்களும் ஒரே கணத்தில் பேசத் தொடங்கி ஒரே கணத்தில் நிறுத்த வேண்டும். ஒரு டவர் மட்டும் முந்திப் பேசத் தொடங்கினால், பக்கத்து டவர் அப்போதுதான் ஒரு போனின் மெல்லிய குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும். பல வாட் சக்தியில் வரும் டவர் குரலுக்கு முன்னால் போனின் குரல் எடுபடாது.

படி 2: மைக்ரோ நொடி வரவுசெலவுக் கணக்கு

ஒரே இடத்தில் கேட்கும் இரண்டு டவர்களுக்கு இடையே அதிகபட்சம் 3 மைக்ரோ நொடி வித்தியாசம் இருக்கலாம். இந்த 3 எங்கிருந்து வந்தது? 5ஜி டிடிடியில் போன்கள் தங்கள் அலையைச் சுமார் 13 மைக்ரோ நொடி முன்னதாகவே அனுப்பி முடிக்கின்றன. கேட்பதிலிருந்து பேசுவதற்கு டவர் மாற அந்த இடைவெளி. டவரின் ஆம்ப்ளிஃபயர் விழித்தெழ அதில் 10 போய்விடும். மிச்சம் 3. ஒரு டவர் முந்தலாம், மற்றொன்று பிந்தலாம் என்பதால் பொது நேரத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் கூட்டல் கழித்தல் 1.5 மைக்ரோ நொடி.

இந்த 1,500 நானோ நொடியை யார் யார் எவ்வளவு செலவழிக்கலாம் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு‑வின் ஜி.8271.1 பரிந்துரை ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஜிபிஎஸ் ரிசீவரோடு கூடிய தலைமைக் கடிகாரத்துக்கு 100. வழியில் உள்ள பத்துக் கருவிகளும் கடைசிக் கடிகாரமும் ஆளுக்கு 50 என்று மொத்தம் 550. ஃபைபரின் போக்குவரத்து வித்தியாசத்துக்கு 250. நடுக்கத்துக்கு 200. ஆக டவரின் வாசலில் 1,100. வழி மாறும்போதும் நேர மூலம் அறும்போதும் சமாளிக்க 250, டவருக்குள் 150. மொத்தம் 1,500.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ‘இங்கே 200 நானோ நொடி போனால் என்ன’ என்று யாராவது சொன்னால், யாருடைய பங்கிலிருந்து எடுக்கிறார் என்று கேட்கலாம். புதிய தலைமுறை ஸ்விட்சுகளில் ‘சி’ வகை 10 நானோ நொடிக்குள் நிற்கிறது. நேர பட்ஜெட் இறுக்கமான இடங்களில் அதற்குச் செலவழிப்பது வீண் செலவல்ல.

படி 3: மூலத்தைச் சரியாக நட்டுவையுங்கள்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களோடு சுற்றுகின்றன. தரைக்கு வரும் சிக்னல் பின்னணி இரைச்சலைவிட மெலிந்தது. அதனால் ஆன்டெனாவுக்கு வானம் தடையின்றித் தெரிய வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலிலும், பெரிய டிரான்ஸ்மிட்டரின் முகத்துக்கு நேரேயும் அதை வைக்காதீர்கள். இடிதாங்கி மறைப்புக்குள் இருக்கட்டும், ஆனால் உச்சியில் துருத்திக்கொண்டு நிற்க வேண்டாம். நேரத்துக்கான ஆன்டெனாக்கள் கூம்பு வடிவில் இருப்பதற்குப் பனி வழிந்துவிடும் என்பது ஒரு காரணம். காக்கை உட்கார இடம் கிடைக்காது என்பது மற்றொன்று, நம் ஊருக்கு இதுதான் முக்கியம்.

அடுத்தது கேபிள். வகையைப் பொறுத்து கோஆக்ஸ் கேபிளில் ஒரு மீட்டருக்கு 4 முதல் 5 நானோ நொடி தாமதம். 40 மீட்டர் கேபிள் போட்டுவிட்டு ரிசீவரில் தாமதத்தைப் பதிவிடாமல் விட்டால் தலைமைக் கடிகாரத்தின் 100 நானோ நொடிப் பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். சுருட்டி வைத்த மிச்சக் கேபிளையும் சேர்த்து அளக்க வேண்டும், தாமதம் அதற்குள்ளும்தான் இருக்கிறது. கனெக்டரைத் தன்னொட்டு டேப்பால் சுற்றி மூடுங்கள். ஐப்பசி மழை உள்ளே இறங்கினால் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், காரணம் பிடிபட மாதங்கள் ஆகும்.

ரிசீவரை முதலில் இயக்கும்போது தன் இடத்தைத் தானே அளந்து முடிக்க விடுங்கள். அதற்கு நான்கு செயற்கைக்கோள்களாவது தெரிய வேண்டும். இடம் உறுதியான பிறகு ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தால்கூட நேரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அளவிட்ட இடத்தில் 3 மீட்டர் பிழை இருந்தால் நேரத்தில் சுமார் 10 நானோ நொடிப் பிழை வரலாம்.

ஒரு செட்டிங்கைக் கண்டிப்பாகப் பாருங்கள். ரிசீவர் தரும் நொடித் துடிப்பு ஜிபிஎஸ் நேரத்தைத் தொடர்கிறதா, உலகப் பொது நேரமான யுடிசியைத் தொடர்கிறதா? ஜிபிஎஸ் நேரத்தில் லீப் நொடி கிடையாது. இப்போது அது யுடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. 2016 ஜனவரி 26 அன்று பழைய செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து விலக்கியபோது, ஜிபிஎஸ் பரப்பிய யுடிசித் திருத்தத்தில் சுமார் 13 மைக்ரோ நொடிப் பிழை புகுந்தது. ஜிபிஎஸ் நேரம் சரியாகவே இருந்தது. யுடிசியை நம்பிய ரிசீவர்கள் மட்டும் விலகின, பல நாடுகளில் தொலைத்தொடர்பு அலாரங்கள் அலறின. டிடிடிக்கு யுடிசி தேவையில்லை. ஜிபிஎஸ் நேரத்திலேயே இருங்கள்.

ஒரே செயற்கைக்கோள் அமைப்பை நம்பாமல் கலிலியோ, கிளோனாஸ், பெய்டூ போன்றவற்றையும் சேர்த்துக் கேட்கும் ரிசீவர் நல்லது. நம் நாவிக் அமைப்பின் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்களில் இறக்குமதி ருபிடியம் கடிகாரங்கள் பழுதாகித் தொல்லை கொடுத்தன. 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்‑01 உள்நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரத்தோடு போனது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் எல்1 அலைவரிசையையும் அது சேர்த்துக்கொண்டிருப்பதால் ரிசீவர் செய்பவர்களுக்கு வேலை எளிது.

படி 4: ஃபைபர் வழியே நேரத்தை அனுப்புங்கள்

ஒவ்வொரு டவரிலும் ஜிபிஎஸ் வைத்தால் முடிந்ததே என்று தோன்றும். கட்டடத்துக்குள் இருக்கும் ரேடியோவுக்கு வானம் தெரியாது. மலிவான ஜாமர் ஒன்று ஒரு தெருவையே முடக்கும். ஆயிரக்கணக்கான ஆன்டெனாக்களைப் பராமரிக்க ஆள் வேண்டும். ஆகவே சில இடங்களில் நல்ல தலைமைக் கடிகாரம் வைத்து, மற்ற இடங்களுக்கு ஃபைபரில் அனுப்புகிறார்கள்.

இதற்கு இரண்டு கருவிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. சிங்க்‑ஈ என்பது ஈத்தர்நெட் பிட்டுகளின் ஓட்ட வேகத்தையே தலைமைக் கடிகாரத்தோடு கட்டிவிடுவது. அதிர்வெண்ணை மிகச் சீராகச் சுமக்கும், ஆனால் இப்போது எந்தக் கணம் என்று சொல்லத் தெரியாது. வழியில் ஒரே ஒரு ஸ்விட்ச் இதை ஆதரிக்காவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். வளைய அமைப்பில் இரண்டு ஸ்விட்சுகள் ஒன்றிடம் ஒன்று கடிகாரம் வாங்கிக்கொண்டு சுழலும் ஆபத்தும் உண்டு. எந்தப் போர்ட்டிலிருந்து வாங்க வேண்டும் என்ற முன்னுரிமையைக் கையால் எழுதிவைப்பது உத்தமம்.

கணத்தைச் சொல்வது பிடிபி, அதாவது ஐஇஇஇ 1588. தலைமைக் கடிகாரம் ஒரு செய்தி அனுப்பும் நேரம் ‘அ’. அது டவருக்கு வந்து சேரும்போது டவர் கடிகாரம் காட்டுவது ‘ஆ’. டவர் பதில் அனுப்பும் நேரம் ‘இ’. அது தலைமைக்குச் சேரும் நேரம் ‘ஈ’. டவர் கடிகாரம் 3 மைக்ரோ நொடி முந்தி ஓடுகிறது, ஒருவழிப் பயணம் 100 மைக்ரோ நொடி என்று வையுங்கள். அ 0 என்றால் ஆ 103. டவர் தன் கணக்கில் 200‑இல் பதில் அனுப்பினால் உண்மை நேரம் 197, ஆகவே ஈ 297. போக 103, வர 97. இரண்டின் வித்தியாசத்தில் பாதி 3. டவர் தன் முள்ளை 3 மைக்ரோ நொடி பின்னால் தள்ளிக்கொள்கிறது. கூட்டிப் பாதியாக்கினால் 100, அதுதான் பயண நேரம்.

செல்பேசி நெட்வொர்க்கில் இதை ஜி.8275.1 என்ற விதித்தொகுப்பின்படி அமையுங்கள். நொடிக்கு 16 முறை செய்தி போகும், வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் தானே நேரத்தை வாங்கி அடுத்ததற்குப் புதிதாகக் கொடுக்கும். இதற்குப் பவுண்டரி கிளாக் என்று பெயர். முன்னிருப்பு டொமைன் எண் 24. இரு முனைகளிலும் இது வேறாக இருந்தால் செய்தி வந்துகொண்டே இருக்கும், ஆனால் லாக் ஆகாது. லாக் ஆகாத புது டவரில் முதலில் இதைப் பாருங்கள். வழியில் பிடிபி தெரியாத கருவிகள் இருந்தால் ஜி.8275.2 உண்டு. ஆனால் போக்குவரத்து நெரிசல் கூடும்போதெல்லாம் செய்தி வரிசையில் காத்திருக்கும், நேரமும் ஆடும். டிடிடி டவருக்கு அதை மட்டும் நம்பிக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

படி 5: போக்கும் வரத்தும் ஒன்றா என்று அளந்து பாருங்கள்

மேலே போட்ட கணக்கு ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. போகவும் வரவும் ஒரே நேரம் என்ற நம்பிக்கை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் ஏற எடுக்கும் நேரம் வேறு, இறங்க எடுக்கும் நேரம் வேறு. போய்வந்த மொத்த நேரத்தை மட்டும் தெரிந்துகொண்டு பாதியாக்கினால் ஏற்றமும் தவறாகும், இறக்கமும் தவறாகும்.

ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் கடக்க சுமார் 5 மைக்ரோ நொடி. போகும் இழையைவிட வரும் இழை 800 மீட்டர் நீளமாக இருந்தால் 4 மைக்ரோ நொடி வித்தியாசம். டவர் அதில் பாதியை, 2 மைக்ரோ நொடியை, தன் பிழை என்று தப்பாக எண்ணித் ‘திருத்திக்கொள்ளும்’. எல்லை 1.5. டவர் எல்லையைத் தாண்டிவிட்டது, திரையிலோ பிழை பூஜ்யம், நிலை ‘லாக்டு’, பச்சை விளக்கு. பட்ஜெட்டில் ஃபைபருக்கு ஒதுக்கிய 250 நானோ நொடி, முழுச் சங்கிலிக்கும் சேர்த்து வெறும் 100 மீட்டர் நீள வித்தியாசம்தான்.

இது எப்படி நேர்கிறது? சாலை தோண்டும்போது கேபிள் அறும். அவசரத்தில் ஸ்பிளைஸ் செய்பவர் ஒரு இழையைப் பழைய வழியிலும் மற்றதை வேறு கேபிளின் காலி இழையிலும் கொண்டுபோவார். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஃபைபரில் கடிகாரம் ஓடுகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நீண்ட தூர டிடபிள்யூடிஎம் இணைப்புகளில் சிதறலை ஈடுசெய்யும் ஃபைபர்ச் சுருள்கள் இருக்கும். இரு திசைச் சுருள்களும் ஒரே நீளம் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.

முடிந்த இடத்தில் ஒற்றை இழை இருவழி எஸ்எஃப்பி ஒளி மாட்யூல் போடுங்கள். போவதும் வருவதும் ஒரே கண்ணாடி இழைக்குள். நிறம் மட்டும் வேறு. 1310, 1490 நானோமீட்டர் ஜோடியில் அதனால் வரும் வித்தியாசம் கிலோமீட்டருக்கு 1 நானோ நொடிக்குச் சற்று மேல். 40 கிலோமீட்டருக்குக்கூட நேரப் பிழை 30 நானோ நொடியைத் தொடாது. சாமான் வாங்குவதில் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான்.

இரட்டை இழைதான் என்றால் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஜிபிஎஸ் உள்ள சோதனைக் கருவியை டவருக்கு எடுத்துப்போங்கள். பிடிபி வழி கிடைக்கும் நொடித் துடிப்பையும் ஜிபிஎஸ் துடிப்பையும் ஒப்பிட்டு, சில மணி நேரமாவது பதிவுசெய்து சராசரி எடுங்கள். கிடைத்த வித்தியாசத்தை அந்தப் போர்ட்டில் திருத்தமாக எழுதுங்கள். கூட்டல் கழித்தல் குறியைக் கருவிக்குக் கருவி வேறாகப் புரிந்துகொள்வார்கள், சிலவற்றில் முழு வித்தியாசம் கேட்கும், சிலவற்றில் பாதி. குறி மாறினால் பிழை இரட்டிப்பாகும். எழுதிய பிறகு மறுபடி அளக்காமல் வண்டியில் ஏறாதீர்கள்.

படி 6: ரேடியோவும் போனும்

பேஸ்பேண்டிலிருந்து கம்பத்தின் மேலுள்ள ரேடியோவுக்குச் சிப்ரி இணைப்பு என்றால் கடிகாரம் அதிலேயே போய்விடும், தாமதத்தையும் பேஸ்பேண்டே அளந்து ஈடுசெய்யும். ஈ‑சிப்ரியில் அந்த வசதி இல்லை, ரேடியோ தனக்கான பிடிபியைத் தானே வாங்க வேண்டும். ஒரே ரேடியோவின் மிமோ ஆன்டெனாக் கிளைகளுக்கு இடையே அனுமதி 65 நானோ நொடிதான், ஆனால் அது கருவி செய்தவரின் பொறுப்பு.

போனைப் பற்றிக் கவலை வேண்டாம். அது டவரைக் கேட்டு நேரம் பிடிக்கிறது. தொலைவுக்கேற்ப எவ்வளவு முன்னதாக அனுப்ப வேண்டும் என்று டவர் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 4ஜியில் இந்தத் திருத்தத்தின் ஒரு படி சுமார் 78 மீட்டர் தொலைவுக்குச் சமம்.

படி 7: மூலம் அறுந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்?

நூறு கோடியில் ஒரு பங்கு பிசகி ஓடும் கடிகாரம் 1,000 நொடியில், அதாவது 17 நிமிடத்துக்குள், 1 மைக்ரோ நொடி விலகிவிடும். ஒரு நாள் முழுக்க 1.5 மைக்ரோ நொடிக்குள் நிற்க வேண்டுமானால் அதைப்போல் அறுபது மடங்கு துல்லியம் தேவை. டவரில் இருக்கும் சூடேற்றிய கிரிஸ்டல் சில மணி நேரம் தாங்கலாம். ஒரு நாள் வேண்டுமென்றால் ருபிடியம் பக்கம் போக வேண்டும்.

இங்கேதான் சிங்க்‑ஈ தன் மதிப்பைக் காட்டும். ஜிபிஎஸ் போனாலும், நல்ல அணுக் கடிகாரத்திலிருந்து அதிர்வெண் வந்துகொண்டிருந்தால் விலகல் நாளுக்கு 1 மைக்ரோ நொடிக்குள் அடங்கும். பிடிபி இருக்கிறதே, சிங்க்‑ஈ எதற்கு என்று செலவைக் குறைக்கப் பார்ப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

தாங்கும் நேரம் தீர்ந்த பிறகு? டிடிடி டவர் தன் அலையைத் தானே நிறுத்திக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள். ஒரு டவர் இருட்டாவது பரவாயில்லை, சுற்றியுள்ள ஏழெட்டைக் கெடுப்பதைவிட.

படி 8: குற்றவாளியைக் கண்டுபிடித்தல்

ஒத்திசைவுப் பிழை, பிழை செய்த டவரில் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முந்திப் பேசும் டவரின் எண்கள் அழகாக இருக்கும், அக்கம்பக்கத்து டவர்களின் அப்லிங்க் இரைச்சல்தான் ஏறும். பிந்தி ஓடும் டவரிலோ, மற்றவர்கள் பேசத் தொடங்கியபோதும் அது கேட்டுக்கொண்டிருப்பதால், பாதிப்பு முதலில் அதற்கே. ஆகவே வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஒரு டவரைச் சுற்றி வளையமாகப் புகார் வந்தால் நடுவில் இருப்பதைச் சந்தேகியுங்கள். சுற்றிலும் நலம், ஒன்று மட்டும் துன்பம் என்றால் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு வகையிலும் இரைச்சல் அப்லிங்கின் கடைசிச் சிம்பல்களில், அதாவது கடைசி நேரத் துண்டுகளில், ஏறும்.

இரைச்சல் அப்லிங்கின் முதல் சிம்பல்களில் ஏறிப் பின் சரிந்தால் கதை வேறு. வெப்பக் காலக் கடற்கரைகளில் காற்றடுக்குகள் குழாய்போல அமைந்து அலையை நூறு, இருநூறு கிலோமீட்டர் கடத்திவிடும். நம் 5ஜியில் பேச்சுக்கும் கேட்புக்கும் நடுவே நான்கு சிம்பல் இடைவெளி விட்டிருந்தால் சுமார் 40 கிலோமீட்டர் வரைதான் பாதுகாப்பு. அதற்கு அப்பாலிருந்து வரும் குரல் தாமதமாக வந்து காதில் விழும். சீனாவின் டிடி‑எல்டிஇ நெட்வொர்க்குகள் இதில் பட்டபாட்டுக்குப் பிறகு, செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி தன் 16‑ஆம் வெளியீட்டில் இதற்கெனத் தனி வழிமுறை சேர்த்தது. இங்கே கடிகாரங்களை நோண்டிப் பயனில்லை.

கடிகாரம் சரி, காற்றும் சரி, இரைச்சல் மட்டும் போகவில்லையா? பக்கத்து அலைக்கற்றையில் இருக்கும் நிறுவனத்தின் ஃபிரேம் முறையைக் கேளுங்கள். நொடி ஒத்துப்போனாலும், அவர்கள் 10 மில்லி நொடி ஃபிரேமைச் சில மில்லி நொடி நகர்த்தித் தொடங்கினாலோ, பேச்சு கேட்பு வரிசையை வேறாக வைத்தாலோ விளைவு ஒன்றுதான். இதைக் கருவி தீர்க்காது, இரு தரப்பு ரேடியோ திட்டமிடுபவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

கடைசியாக ஒரு நிர்வாக வேலை. ஃபைபர் பழுது நீக்கும் குழுவின் வேலை முடிப்புப் படிவத்தில் ‘இந்த இழையில் கடிகாரம் ஓடுகிறதா’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். ஆம் என்று டிக் விழுந்த ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் ஐந்தாம் படிக்குத் திரும்பி அளக்க வேண்டும், எஸ்எஃப்பி மாற்றிய பிறகும்தான்.